நீலக்குறிஞ்சி: பன்னிரண்டு ஆண்டுப் பூ ஏன் அடிக்கடி செய்தியில் வருகிறது?

"12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் நீலக்குறிஞ்சி பூத்துக் குலுங்குகிறது." இந்த வரி 2018-இல் மூணாறிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்தது. 2021-இல் இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறைப் பக்கத்திலிருந்து வந்தது. 2022-இல் அதே வட்டாரத்துக் கள்ளிப்பாறையிலிருந்தும் கர்நாடகத்தின் சிக்கமகளூரு மலைகளிலிருந்தும் வந்தது. 2024-இல் நீலகிரியின் எப்பநாடு பக்கத்திலிருந்து வந்தது. இப்படி வந்துகொண்டே இருந்தால் பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கே பொய்யோ என்று வாசகருக்குத் தோன்றுவது இயல்புதான்.

இதோடு இன்னும் இரண்டு குழப்பங்கள் சேர்ந்துகொண்டன. 2023 தொடக்கத்தில், குறிஞ்சியைப் பிடுங்கினால் சிறை என்ற செய்தி பரவியது. 2024 ஆகஸ்டில், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். தன் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சியை 'அழிவாய்ப்பு' உள்ள இனமாகச் சேர்த்தது. மலை முழுக்க நீலமாகப் பூத்துக் கிடக்கிற படத்தையும் அழிவு என்ற சொல்லையும் ஒரே பக்கத்தில் பார்த்தால் இரண்டும் பொருந்துவதாக யாருக்கும் தோன்றாது.

மூன்று குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். இந்தச் செடியின் வாழ்க்கைக் கணக்கு நாம் பழகிய செடிகளின் கணக்கு போன்றதில்லை. அதிலிருந்து தொடங்கினால் மற்றவை வரிசையாக விளங்கும்.

## எது நீலக்குறிஞ்சி?

தாவரவியலில் நீலக்குறிஞ்சி என்பது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்ற ஒரே ஓர் இனத்தைத்தான் குறிக்கும். அக்காந்தேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. கனகாம்பரம், ஆடாதொடை, நிலவேம்பு எல்லாம் இதே குடும்பம்தான்.

இது ஒரு புதர்ச்செடி. காற்று அறையும் திறந்த சரிவில் 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். ஈரமும் மறைப்பும் உள்ள இடத்தில் ஆளுயரத்துக்கும் வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 முதல் 2,400 மீட்டர் வரை, பாறையும் புல்லும் கலந்த மலைச்சரிவுகளில் கூட்டம் கூட்டமாக வளர்கிறது. மண் ஆழமில்லாத, பெரிய மரம் எளிதில் கால் ஊன்ற முடியாத சரிவுதான் இதன் சொந்த வீடு. மணி வடிவப் பூக்கள் கதிராக அடுக்கி வரும். விரியும்போது வெளிர்நீலமாக இருந்து, முதிர முதிர ஊதா கலக்கும்.

ஐ.யு.சி.என். மதிப்பீட்டின்படி இந்த இனம் 34 துணைக்கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளன. மீதி ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில், நம் ஏற்காட்டில். நீலகிரியில்தான் அதிகம், அடுத்து மூணாறு, பழனிமலை, ஆனைமலை. உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளரவில்லை.

ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில் மட்டும் ஆசியா முழுக்க 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பல பத்து இனங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பூப்பவையும் அவற்றில் உண்டு, பல ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவையும் உண்டு. பேச்சுவழக்கில் இவற்றில் பலவற்றுக்கும் 'குறிஞ்சி' என்றே பெயர். செய்திக் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. அதைச் சற்று பின்னால் பார்ப்போம்.

## ஒரே ஒரு முறை பூத்துச் சாகும் செடி

மா, பலா போன்றவை ஆண்டுதோறும் பூத்துக் காய்த்து, அடுத்த ஆண்டும் அதையே செய்பவை. நெல் ஒரு பருவத்திலேயே முளைத்துப் பூத்து விளைந்து சாகும். நீலக்குறிஞ்சி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முளைத்த பிறகு பதினோரு ஆண்டுகள் இலையும் தண்டுமாக மட்டும் வளர்கிறது. பன்னிரண்டாம் ஆண்டில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மொட்டுவிட்டு, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கிறது. பிறகு காய்த்து, விதையை விட்டுவிட்டு, செடி காய்ந்துபோகிறது.

ஆகவே 'குறிஞ்சி மீண்டும் பூத்தது' என்று சொல்லும்போது நாம் பார்ப்பது பழைய செடியை இல்லை. 2006-இல் மூணாறில் பூத்த செடிகள் அப்போதே இறந்துவிட்டன. 2018-இல் பூத்தவை அவற்றின் பிள்ளைகள். 2030-இல் பூக்கப்போகிறவை பேரப்பிள்ளைகள்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியவை சில:

1. ஒரு தலைமுறைக்கு விதை போட ஒரே ஒரு வாய்ப்புதான். அந்த ஆண்டு பிசகினால் அதை ஈடுகட்ட அந்தத் தாய்ச்செடி இருக்காது.

2. ஒரு காயில் அதிகம் போனால் நான்கு விதைகள். காய் காய்ந்ததும் வெடித்து விதையைத் தெறிக்கிறது. அந்தத் தெறிப்பு அருகிலேயே முடிந்துவிடும். காற்றில் மிதக்க இறகு கிடையாது, பறவை விழுங்கிக் கொண்டுபோகச் சதைப்பற்றும் கிடையாது. ஒரு சரிவில் குறிஞ்சி முற்றிலும் அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து அது தானாக வந்து சேர்வது மிகக் கடினம்.

3. ஒரு சரிவில் நிற்கும் செடிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வயது. பள்ளி வகுப்பு போல எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக வெளியேறுகின்றன. வெவ்வேறு வயதுச் செடிகள் கலந்து நின்றால் ஒரு மோசமான ஆண்டு சிலவற்றை மட்டும் பாதிக்கும். இங்கே அந்தக் காப்பு இல்லை.

4. பன்னிரண்டு ஆண்டு என்றால் 144 மாதம். அதில் செடி பூவோடு நிற்பது மூன்று மாதம்போல. மீதி 141 மாதமும் அது பார்வைக்குச் சாதாரணப் பச்சைப் புதர். தெரியாதவர் கண்ணுக்குக் களை.

நான்காவது புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை சொல்ல வந்ததன் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

## எல்லாம் ஒன்றாகப் பூப்பது எதற்கு?

ஒரே இனச் செடிகள் பல ஆண்டு காத்திருந்து, ஒரே பருவத்தில் ஒன்றாகப் பூத்து, விதைத்துச் சாவது குறிஞ்சிக்கு மட்டும் உரியதில்லை. மூங்கிலில் பல இனங்கள் இப்படித்தான். ஜப்பானின் ஒகினாவா தீவில் 6 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூக்கும் ஒரு ஸ்ட்ரோபிலாந்தஸ் இனமும் இருக்கிறது.

இதற்கு அதிகம் பேசப்படும் விளக்கத்தை, மூங்கிலை வைத்து 1976-இல் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் விரிவாக எழுதினார். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதை விழுந்தால், அதைத் தின்னும் பூச்சிகளும் எலிகளும் பறவைகளும் ஆண்டுதோறும் வயிறு நிரப்பி, தங்கள் எண்ணிக்கையையும் அதற்கேற்ப வைத்திருக்கும். பல ஆண்டு ஒன்றுமே தராமல் பட்டினி போட்டுவிட்டு, ஒரே ஆண்டில் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டினால், தின்றதுபோக மிச்சம் ஏராளமாக முளைக்கும்.

இன்னொரு விளக்கம் தேனீக்களைப் பற்றியது. மலைச்சரிவு முழுக்க ஒரே பூ என்றால் தேனீக்கள் வேறெங்கும் போகாமல் அதிலேயே உழைக்கும். மகரந்தம் அதே இனத்துக்குள் சுற்றும். குறிஞ்சிப் பருவத்தில் அடுக்குத்தேனீயும் பாறைகளில் கூடு கட்டும் பெருந்தேனீயும் அந்தச் சரிவுகளில் மொய்ப்பதை மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். கருநிறத் தண்டுடைய குறிஞ்சிப்பூவிலிருந்து தேன் கூட்டப்படும் மலைச்சாரலைச் சங்கப் பாட்டே சொல்கிறது. இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று மறுப்பவை இல்லை. இரண்டுமே சேர்ந்து வேலை செய்யலாம்.

இதில் ஒரு துணை விளைவு உண்டு. கூட்டத்தோடு சேராமல் ஓராண்டு முந்தியோ பிந்தியோ பூக்கும் தனிச்செடிக்கு என்ன ஆகும்? தேனீக்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கிடைத்த சில விதைகளையும் பசித்த வாய்கள் தின்றுவிடும். ஆகவே தாளம் தப்பியவை சந்ததி விடுவது குறைவு. தாளம் தானாகவே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இதனால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு துல்லியமாக நிற்கிறது. 1838 முதல் பதிவான பூப்பு ஆண்டுகளின் வரிசையைப் பாருங்கள்: 1838, 1850, 1862 என்று போய் 1982, 1994, 2006, 2018. மொத்தம் 180 ஆண்டு, 15 சுற்று. பளியர் போன்ற பழங்குடியினர் குறிஞ்சிப் பூப்பை வைத்து வயது கணக்கிட்டார்கள் என்பதில் வியப்பேதும் இல்லை.

## அப்படியானால் 2021, 2022, 2024 செய்திகள்?

இப்போது முதல் குழப்பத்துக்கு வருவோம். பன்னிரண்டு ஆண்டு என்பது ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியான கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை முழுமைக்கும் பொதுவான நாட்காட்டி கிடையாது. செய்திகள் வேறுபடுவதற்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

1. வெவ்வேறு கூட்டங்கள், வெவ்வேறு தொடக்கம். மூணாறு, கொடைக்கானல் பகுதியின் பெருங்கூட்டம் 2006, 2018, 2030 என்ற வரிசையில் இருக்கிறது. அதே இடுக்கி மாவட்டத்தில், கிழக்கே தள்ளியிருக்கும் சாந்தன்பாறைச் சரிவுகள் வேறு வரிசை. நீலகிரிக்குள்ளேயே ஒரு சரிவும் அடுத்த சரிவும் வேறுபடுவதுண்டு. ஒரே இனம், ஒரே இடைவெளி, தொடங்கிய ஆண்டு மட்டும் வேறு.

2. முந்தியவையும் பிந்தியவையும். பெருங்கூட்டம் பூப்பதற்கு ஓராண்டு முன்னும் பின்னும் அங்கங்கே சில செடிகள் பூக்கும். அதைப் படம்பிடித்து 'குறிஞ்சி முன்கூட்டியே பூத்தது, பருவநிலை மாற்றமோ?' என்று தலைப்பிடுவது வழக்கமாகிவிட்டது. சில தனிச்செடிகளை வைத்து அந்த முடிவுக்குப் போக முடியாது.

3. வேறு இனங்கள். இதுதான் அடிக்கடி நடப்பது. மகாராஷ்டிரத்தில் மும்பையை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் சுற்றியுள்ள மலைகளிலும் வளரும் 'கார்வி' 8 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2008, 2016, 2024 என்பது அதன் கணக்கு. சாத்தாரா அருகே காஸ் பீடபூமியில் இருக்கும் 'டோப்லி கார்வி' 7 ஆண்டுக் கணக்கு. இரண்டும் குறிஞ்சிக்கு உறவு, பூவும் ஊதாதான். கைப்பேசிப் படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தென்னிந்திய மலைகளிலேயே ஆண்டுதோறும் பூக்கும் குறிஞ்சி வகைகளும் இருப்பதால், எந்த ஆண்டும் யாராவது ஒருவர் ஒரு 'குறிஞ்சி'யைக் கண்டுபிடிப்பார்.

4. பழைய படங்கள். 2018-இல் எடுத்த படம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் வாட்ஸ்அப்பில் மறுபிறவி எடுக்கிறது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆக, ஒரு பூப்புச் செய்தியைச் சோதிக்க மூன்று கேள்வி போதும். எந்த மலை, எந்தச் சரிவு? அதே சரிவில் இதற்கு முன் எப்போது பூத்தது? அடையாளம் சொன்னவர் தாவரவியல் அறிந்தவரா, சுற்றுலா விளம்பரக்காரரா?

## சரிவுக்கு என்ன ஆயிற்று?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப்பகுதி ஒரு தனி அமைப்பு. மடிப்புகளிலும் ஓடையோரத்திலும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. மேட்டிலும் சரிவிலும் திறந்த புல்வெளி. இரண்டும் மாறி மாறி வரும். குறிஞ்சி இதில் புல்வெளிக்காரன். வெயில் வேண்டும், வானம் தெரிய வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்திலிருந்தே வனத்துறையின் கண்ணுக்கு இந்தப் புல்வெளி 'வெற்று நிலம்'. மரம் இல்லாத இடம் வீணான இடம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் போயிருந்தது. முதலில் தேயிலை வந்தது. பிறகு விறகுக்கும் ரேயான் ஆலைகளின் மரக்கூழுக்கும் தைலமரம், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (சீயக்காய் இல்லை, 'வாட்டில்' என்ற அயல் மரம்), அப்புறம் பைன். விடுதலைக்குப் பின்னும் இது நிற்கவில்லை. பழனிமலையில் பெருமளவு நடவு நடந்தது அதற்குப் பிறகுதான். 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, பழனிமலையின் மலைப்புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த நாற்பது ஆண்டுகளில் காணாமல் போனதைக் காட்டியது. மரத்தோட்டமும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்திருந்தன.

இந்த அயல் மரங்களில் குறிஞ்சிக்கு மிக மோசமான எதிரி சீகை. காரணம் இரண்டின் விதைக் கணக்கிலும் இருக்கிறது. சீகை ஆண்டுதோறும் ஏராளமாக விதைக்கிறது. விழுந்த விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கிறது. தீ வந்தால் அழிவதற்குப் பதில் அந்தச் சூட்டில் தூண்டப்பட்டு முளைக்கிறது. வெட்டினால், வெட்டிய இடத்தில் வெயில் பட்டு, புதைந்து கிடந்தவை ஒட்டுமொத்தமாக எழுகின்றன. எதிரே நிற்பதோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, காலடியில் மட்டும் விதைக்கும் செடி. குறிஞ்சி ஒரு சுற்று முடிப்பதற்குள் சீகை அந்தச் சரிவை மூடி நிழலாக்கிவிடும். நிழலில் அடுத்த தலைமுறை முளைத்தாலும் தேறாது.

அதனால்தான் 'அயல் மரங்களை எல்லாம் வெட்டினால் புல்வெளி திரும்பிவிடும்' என்ற எளிய தீர்வு களத்தில் பலன் தரவில்லை. மூத்த சீகைத் தோப்பை வெட்டினால் பெரும்பாலும் இளஞ்சீகைத் தோப்புதான் கிடைக்கிறது. புல்வெளி இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களைக் காத்து, அதன் ஓரத்தில் புதிதாக நுழையும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்குவது செலவு குறைந்த, பலன் கூடிய வழி என்பது இதை ஆராய்பவர்களின் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் மரம் வெட்டுவது கண்ணுக்குத் தெரியும் வேலை, கன்று பிடுங்குவது யாரும் படமெடுக்காத வேலை. பணம் எதற்கு எளிதாக ஒதுக்கப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

## 'அழிவாய்ப்பு' என்ற முத்திரை எப்படி விழுந்தது?

ஐ.யு.சி.என். பட்டியலில் அழியும் ஆபத்துள்ளவை மூன்று படிகள். மேலிருந்து கீழாக மிக அருகியவை, அருகியவை, அழிவாய்ப்புள்ளவை. நீலக்குறிஞ்சி மூன்றாவது படியில், ஏ2சி என்ற விதியின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் குறியீட்டைப் பிரித்தால் விஷயம் தெளிவாகும்.

1. 'ஏ' என்றால் எண்ணிக்கை குறைந்துவருவதை வைத்து எடுத்த முடிவு. இப்போது எத்தனை செடி இருக்கிறது என்பது இங்கே கேள்வியே இல்லை. முன்பிருந்ததில் எவ்வளவு விழுக்காடு போய்விட்டது என்பதுதான் கேள்வி. கோடிக்கணக்கில் பூத்திருக்கும் செடியும் பட்டியலில் வருவது இதனால்தான்.

2. '2' என்றால் இந்தக் குறைவு கடந்த காலத்தில் நடந்தது, ஆனால் அதற்கான காரணங்கள் இன்னும் நின்றபாடில்லை.

3. 'சி' என்றால் செடியை ஒவ்வொன்றாக எண்ணாமல், அது வாழும் பரப்பும் அந்த இடத்தின் தரமும் குறைந்ததை வைத்து மதிப்பிட்டது.

இதற்கான எல்லைகள்: 30 விழுக்காடு குறைந்தால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகியது, 80 என்றால் மிக அருகியது. நீலக்குறிஞ்சியின் வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விட்டது என்பது மதிப்பீட்டின் சாரம். 30-ஐத் தாண்டியிருக்கிறது, 50-ஐத் தொடவில்லை.

எவ்வளவு காலத்தில் குறைந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா? பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீண்டதோ அது என்பது விதி. தலைமுறை ஓராண்டாக இருக்கும் செடிக்குப் பத்தாண்டுதான் அளவு. குறிஞ்சிக்குத் தலைமுறை பன்னிரண்டு ஆண்டு. மூன்று தலைமுறை என்றால் 36 ஆண்டு. மனிதருக்கு அது அரை ஆயுள். குறிஞ்சிக்கு அதற்குள் விதைக்க மூன்றே மூன்று வாய்ப்புகள். அந்த மூன்று வாய்ப்புக்குள் தன் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருக்கிறது. படத்தில் தெரியும் நீலம் மிச்சமிருக்கும் மூன்று பங்கின் நிறம்.

சிவப்புப் பட்டியலுக்குச் சட்ட வலிமை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஓர் அறிவியல் மதிப்பீடு. யாரையும் தடுக்காது, தண்டிக்காது. அதைச் செய்வது நாட்டுச் சட்டம்.

## சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பெயரில் விலங்கு இருந்தாலும், சில தாவரங்களையும் காக்கிறது. முன்பு அந்தப் பட்டியலில் ஆறு வகைதான் இருந்தன. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பட்டியலை விரிவாக்கியது. மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சியும் இடம்பெற்றது. அதன் பொருள்:

1. வனநிலத்திலும் அரசு அறிவிக்கும் பகுதிகளிலும் இந்தச் செடியைப் பறிப்பது, பிடுங்குவது, சேதப்படுத்துவது குற்றம். உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

2. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தின் உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாய். அந்தப் பழைய எண்ணே பல செய்திகளில் தொடர்ந்து வந்தது.

3. பழங்குடியினர், தாங்கள் வாழும் மாவட்டத்துக்குள், சொந்தப் பயன்பாட்டுக்காக எடுப்பதற்கு விலக்கு உண்டு.

முதல் புள்ளியை மறுபடி படியுங்கள். தடை விழுவது வனநிலத்திலும் அறிவிக்கப்பட்ட இடத்திலும். குறிஞ்சி நிற்கும் சரிவு தனியார் பட்டா நிலமாக இருந்தால் இந்தப் பிரிவு தானாகப் பாயாது. மலைகளில் குறிஞ்சியின் கணிசமான பகுதி தோட்டங்களின் ஓரத்திலும் வருவாய் நிலத்திலும் பட்டாவிலும்தான் நிற்கிறது. ஒரு கொத்து பறித்த சுற்றுலாப் பயணி அகப்படலாம். பூக்காத ஆண்டில், பட்டா நிலத்தில், பொக்லைன் வைத்து ஒரு முழுச்சரிவையே தட்டையாக்குபவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைக்கிராமங்களில் கட்டடம் கட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் போன்ற வேறு தடைகள் உண்டு. ஆனால் அங்கே பார்க்கப்படுவது பெரும்பாலும் சரிவின் சாய்வும் நிலச்சரிவு ஆபத்தும். புதரின் பெயரை யாரும் கேட்பதில்லை.

நிலத்தையே குறிஞ்சிக்காக ஒதுக்கிய முயற்சியும் நடந்தது. 2006 பூப்பின்போது, அக்டோபர் மாதம், கேரள அரசு தேவிகுளம் வட்டத்தின் கொட்டக்கம்பூர், வட்டவடைப் பகுதியில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. ஒரு விலங்குக்காக அல்லாமல் ஒரு புதர்ச்செடியை முன்னிறுத்திச் சரணாலயம் அறிவித்தது பெரிய காரியம். ஆனால் எல்லைக்குள் பட்டா வைத்திருப்பவர்கள் இருந்தார்கள், தைலமரம் வளர்த்துப் பிழைப்பவர்கள் இருந்தார்கள், உண்மைப் பட்டா எது போலிப் பட்டா எது என்ற சண்டையும் இருந்தது. அடுத்த பூப்பு வந்த 2018-இலும் எல்லைத் தகராறு பேச்சிலேயே இருந்தது. செடி ஒரு முழு ஆயுளை முடித்துவிட்டது, கோப்பு முடியவில்லை.

## பூப்புக் காலத்தின் கூட்டம்

சுற்றுலாவால் குறிஞ்சிக்கு எவ்வளவு கேடு? நிலம் போவதோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் வந்துசேரும் நேரம் மோசமானது. ரோஜாத் தோட்டத்தில் ஒரு பூவைப் பறித்தால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். குறிஞ்சியில் ஒரு கதிரை ஒடித்தால் அந்தச் செடி பன்னிரண்டு ஆண்டு சேர்த்துவைத்த விதையில் ஒரு பங்கு போகிறது. காலடி பட்டு மண் இறுகிய ஒற்றையடிப் பாதையில் அடுத்த ஆண்டு விதை முளைப்பதும் கடினம். இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் நுழைவுச்சீட்டு, வாகனக் கட்டுப்பாடு, போட்ட பாதையை விட்டு இறங்கக்கூடாது என்ற விதி எல்லாம் இருப்பதால் பூங்காவுக்குள் சேதம் குறைவு. கட்டுப்பாடே இல்லாத திடீர்ச் சரிவுகளில்தான் தொல்லை. சமூக ஊடகத்தில் இடம் வெளியானதும் கார்கள் குவிகின்றன, கை நிறையக் கொத்துகளோடு தற்படம் எடுக்கிறார்கள், நெகிழிக் குப்பை சரிவெங்கும் கிடக்கிறது. 'குறிஞ்சித் தேன்' என்ற பெயரில் சாலையோரம் விற்கப்படும் புட்டிகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்த வட்டாரத்தில் பூக்காத ஆண்டில் குறிஞ்சித் தேன் இருக்க வழியில்லை.

பூத்து முடிந்த பின் வரும் மாதங்களை யாரும் பேசுவதில்லை. டிசம்பருக்குப் பிறகு சரிவு முழுக்கக் காய்ந்த தண்டுகள் நிற்கின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மலையில் தீப்பருவம். விதை முற்றிக் கீழே விழும் காலமும் அதுதான். அந்த ஒரு கோடையில் மூளும் தீ, ஒரு தலைமுறையின் விதை முழுவதையும் எரித்துவிடக்கூடும். பூவுக்குக் காவல் போட்ட துறை, பூ முடிந்த பின் ஏப்ரல் வரைக்கும் அதே காவலை நீட்டித்தால் பயன் இன்னும் அதிகம்.

## 2030-க்கு முன்னால்

குறிஞ்சி எங்கெங்கே நிற்கிறது என்று துல்லியமாக வரைபடம் போட எளிதான காலம் பூக்கும் ஆண்டு மட்டுமே. அப்போது எதிர்மலையிலிருந்து பார்த்தாலே நிறம் காட்டிக்கொடுக்கும். மற்ற ஆண்டுகளில் சரிவில் இறங்கி இலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்தின் பூப்பு ஆண்டையும் சர்வே எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்து, அதை மாவட்ட நிர்வாகத்தின் கட்டட அனுமதிக் கோப்பில் இணைப்பதுதான் உருப்படியான வேலை. அந்த 141 மாதங்களில் செடியைக் காக்கக் கூடியது அப்படி ஒரு பதிவு. பட்டா நிலத்துச் சரிவுகளுக்கு, சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் 'அறிவிக்கப்பட்ட பகுதி' என்ற வழியைப் பயன்படுத்தலாம்; புதிய சட்டம் தேவையில்லை.

மூணாறு, கொடைக்கானல் பெருங்கூட்டத்துக்கு அடுத்த முறை 2030. சாந்தன்பாறைப் பக்கத்தில் 2021-இல் பூத்த சரிவுகளுக்கு 2033, கள்ளிப்பாறைக்கு 2034, எப்பநாட்டுச் சரிவுகளுக்கு 2036. இந்த இடங்களில் அடுத்துப் பூக்கப்போகும் செடிகள் எல்லாம் இப்போது பச்சைப் புதர்களாக, பெயர்ப்பலகை இல்லாமல் நிற்கின்றன.